ஏழாயிரத்து இருநூறு ஓம்

ஒருவர் பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு வகுத்தல் கணக்கு போதும் என்று பதினோரு வருடம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். சும்மா நம்பவில்லை, அதற்குச் சம்பளமும் வாங்கினேன்.

என் பெயர் ஐகோர்ட்துரை. தூத்துக்குடிப் பக்கம் இப்படிப் பெயர் வைப்பார்கள் என்று தெரியாத வெளியூர்க்காரர்கள் முதலில் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள். பிறகு நான் பார்க்கும் வேலையைக் கேட்டு இன்னொரு தடவை சிரிப்பார்கள். விபத்து விசாரணை மன்றத்தில் மெய்மானியை இயக்குவது என் வேலை.

மெய்மானி பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. மேசைமேல் இரண்டு பித்தளைத் தகடுகள், ஒரு திரை, ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு. சாட்சி சொல்பவர் இரண்டு உள்ளங்கைகளையும் தகடுகளின்மேல் வைக்க வேண்டும். தகடுகளுக்கு இடையே இரண்டு வோல்ட் மின்னழுத்தம் கொடுப்போம். கொசு கடித்த அளவுகூட உறைக்காது. உடம்பு வழியாக எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று இயந்திரம் அளக்கும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது மின்தடை. பொய் சொல்பவனுக்குக் கை வியர்க்கும், வியர்த்தால் தடை இறங்கும். உலர்ந்த உள்ளங்கைக்கு லட்சம் ஓம் என்பது கணக்கு. ஐம்பதாயிரத்துக்குக் கீழே இறங்கினால் சிவப்பு எரியும்.

உறுதிமொழிச் சட்டம் வந்தபிறகு பச்சை எரியாத எந்தச் சொல்லும் சாட்சியத்தில் ஏறாது. ஒருவருக்கு மூன்று தடவை வாய்ப்பு. மூன்றிலும் சிவப்பு எரிந்தால் அதற்குச் சொல்லிழப்பு என்று பெயர். அதன்பிறகு அந்த ஆள் சாகிற வரைக்கும் எங்கேயும் சாட்சி சொல்ல முடியாது, புகார் கொடுக்க முடியாது, பெற்ற பிள்ளையின் கல்யாணப் பதிவில்கூடக் கையெழுத்துப் போட முடியாது. என் கையால் அப்படிச் சொல்லிழந்தவர்கள் முப்பத்தொரு பேர். அவர்களில் எத்தனை பேர் உப்பளத்து ஆட்கள் என்று நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

சந்தனமாரி இரண்டாம் தடவை கை வைத்தது ஒரு திங்கட்கிழமை. கீழ அளத்தில் உப்பு வாருகிறவள், நாற்பது வயதிருக்கும். ஐந்து வாரத்துக்கு முன் அவள் கணவர் பலவேசம், உப்புநீர் இறைக்கும் மோட்டாரைத் தொட்டு அந்த இடத்திலேயே இறந்துபோயிருந்தார்.

விசாரணை அதிகாரி மெர்சலின் மேடம் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடுகிறவர். வேலையில் மட்டும் கறார். அன்றும் ஒரு நிமிடம் தேடிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"அந்த மோட்டார்ல கரண்ட் கசியுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா. மூணு நாளா புடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. கணக்கப்பிள்ளைட்ட நானே போயிச் சொன்னேன், மோட்டாருல கை வச்சா சுள்ளுனு இழுக்குன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"எல்லாத்தையும் மோட்டாரோட காவல் பெட்டி பாத்துக்கிடும், நீ போயி ஒன் வேலயப் பாருன்னு சொன்னாரு."

சிவப்பு எரிந்தது. திரையில் எட்டாயிரம் ஓம் என்று காட்டியது. ஆளை வெட்டிவிட்டு வந்தவன்கூட முப்பதாயிரத்தில் நிற்பான். எட்டாயிரத்துக்கு இறங்குகிற பொய்யை ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவளுக்கு முன்னால் கை வைத்த கணக்கப்பிள்ளை திரவியம், தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று சொல்லி லட்சத்துப் பத்தாயிரத்தில் பச்சை வாங்கியிருந்தார். நாள் முழுக்கக் குளிரூட்டிய அறையில் இருக்கிற கை, காய்ந்த சுள்ளி மாதிரி இருந்தது.

"வெள்ளிக்கிழமை கடைசி வாய்ப்பு," என்றார் மேடம். "அன்னைக்கும் சிவப்பு வந்தா உங்க கணவரோட கவனக்குறைவுன்னு எழுதிக் கோப்பை மூடிருவேன். யோசிச்சுட்டு வாங்க."

"அந்த மோட்டாரு இன்னும் ஓடுதேம்மா," என்றாள் சந்தனமாரி. "அதப் பக்கத்துல வச்சிக்கிட்டுத்தான் நாப்பது பொம்பளைய வெறுங்காலோட நிக்கோம்."

"பழுதுன்னு நிரூபிச்சாத்தான் நான் நிறுத்த முடியும்." மேடம் குரலில் கோபம் இல்லை. சட்டம் அப்படி.

எல்லோரும் போனபின் தகடுகளை ஈரத்துணியால் துடைப்பது வழக்கம். அன்று துணி நரநரவென்றது. தகட்டில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். அரசாங்கச் சொத்தை நக்கிப் பார்த்த முதல் ஊழியன் நானாகத்தான் இருப்பேன். உப்பு கரித்தது.

வெளியே வாகை மர நிழலில் சந்தனமாரி பேருந்துக்கு நின்றிருந்தாள். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"ஏம்மா, கையில என்னத்தத் தடவிட்டு வந்த?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். ஒரு கை கல்லுப்பு.

"சத்தியம் பண்ணப் போறோம்லா அண்ணாச்சி, வெறுங்கையோட எப்படிப் பண்ணுவாவ? எங்க அளத்துல எந்தச் சத்தியம்னாலும் உப்பக் கசக்கிட்டுத்தான் கைய நீட்டுவோம். மொதத் தடவ லேசாத்தான் தேச்சேன், நம்பல. அதான் இன்னைக்கு நல்லா அழுத்தித் தேச்சிட்டு வந்தேன்."

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. "போச்சு போ! கெடுத்தியே காரியத்த! உப்பும் ஈரமும் சேர்ந்தா கரண்ட் ஜோராப் போகும்மா. கரண்ட் கூடுனா தடை கொறையும். அந்த மிஷினுக்கு உப்பும் தெரியாது சத்தியமும் தெரியாது. கை வேர்த்துக் கொட்டுது, இவ பொய் சொல்லுதான்னு எழுதிரும்."

"அட கூறுகெட்ட மிஷினே," என்றாள். அவள் முகத்தில் ஐந்து வாரத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. "அப்ப கைய நல்லாக் கழுவிட்டு வந்தா போதுமா அண்ணாச்சி?"

போதும் என்றுதான் நானும் நினைத்தேன். குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். என் கைக்குட்டையால் துடைத்து, கால்மணி நேரம் காயவைத்து, கைமீட்டரால் அளந்தேன். பதினாலாயிரம். மறுபடி கழுவி மறுபடி அளந்தேன். அதே பதினாலாயிரம். உள்ளங்கை முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் வெள்ளைக் கோடுகள்.

"பன்னெண்டு வயசுலருந்து ஊறுன உப்பு அண்ணாச்சி. ஒரு குழாத் தண்ணியிலயா போயிரும்?" என்றாள். "அது கெடக்கட்டும், எல்லாருக்கும் கை ஒண்ணுபோலயா இருக்கும்? ஒவ்வொருத்தர் கையையும் மொதல்ல அளந்துக்கிட்டு, பொறவு கேள்வி கேக்க வேண்டியதான?"

"ஆரம்பத்துல அப்படித்தான் செஞ்சோம். சில ஆளுக மொத அளவு எடுக்கும்போதே செருப்புக்குள்ள ஊசிய வச்சு மிதிச்சு கைய வேர்க்க வச்சுக்கிட்டானுவ. பொறவு பொய் சொன்னாலும் வித்தியாசம் தெரியல. அதனால எல்லாருக்கும் பொதுவா ஒரு பட்டியல் போட்டாங்க. உள்ளங்கைப் பட்டியல்னு பேரு. இருநூறு பேரு கைய அளந்து போட்டது."

"அதுல அளத்தாளு கை ஒண்ணுகூட இல்லியா?"

"இருக்கே," என்றேன். "அம்பது பேரு..."

கைமீட்டரை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

"என்ன அண்ணாச்சி, மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு?"

"வெயிலு," என்றேன். அது பொய். நல்லவேளை, மீட்டரை யாரும் என் கையில் வைக்கவில்லை.

மறுநாள் காலையில் கீழ அளத்துக்குப் போனேன். கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. பாத்தி பாத்தியாக உப்புநீர், அம்பாரம் அம்பாரமாக உப்பு. வரப்போரமாக நாலைந்து இயந்திரக் கைகள் துருப்பிடித்துக் கிடந்தன. உலகத்தில் பாதி வேலையை எடுத்துக்கொண்ட இயந்திரங்கள் இங்கே மட்டும் மூன்று மாதம் தாங்கவில்லை. மனிதக் கை முப்பது வருடம் தாங்குகிறது, அதனால் மனிதர்களே மறுபடி வந்துவிட்டார்கள்.

கணக்கப்பிள்ளை திரவியம் என்னை மரியாதையாகவே வரவேற்றார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பெட்டியை நம்புகிற மனிதர். மோட்டார் பக்கத்துச் சுவரில் இருந்த அந்தக் காவல் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"பழைய காலத்து டிரிப்பரு இருந்தப்போ ஒரு நாளைக்குப் பத்து வாட்டி கட்டாயிரும் சார். உப்புத்தண்ணி லேசாத் தெறிச்சாலும் மோட்டாரு நின்னுரும். தண்ணி எப்ப ஏத்த, உப்பு எப்ப வார? இது புத்தியுள்ள பெட்டி. கசிவு வந்தா, வோல்ட்ட ஆம்பியரால வகுத்துத் தடையப் பாத்துக்கிடும். மனுஷன் தொட்டா லட்சம் ஓமு பக்கத்துல காட்டும், ஒடனே நிறுத்திரும். ஆயிரம், ரெண்டாயிரம்னு காட்டுனா அது உப்புத்தண்ணி. ஓடட்டும்னு விட்டுரும்."

"மனுஷனுக்கு லட்சம்னு பெட்டிக்கு யாரு சொன்னா?"

"என்ன சார் நீங்களே கேக்குதிய? உங்க மிஷின்ல இருக்க அதே உள்ளங்கைப் பட்டியல்தான். அரசாங்க முத்திரை குத்துனது."

பலவேசம் இறந்த நாளின் பதிவைக் காட்டச் சொன்னேன். திரையில் வந்தது:

காலை 11.14. மின்னழுத்தம் 240 வோல்ட். கசிவு 0.24 ஆம்பியர். மின்தடை 1000 ஓம். திறன் 57.6 வாட். முடிவு: உப்புநீர்க் கசிவு. மனிதர் இல்லை. ஓட்டம் தொடரலாம்.

"பாத்தியளா? அன்னைக்கு ஆளு யாரும் தொடவேயில்லன்னு பெட்டியே சொல்லுது," என்றார் திரவியம். "அந்தாளுக்கு நெஞ்சு வலிதான் வந்திருக்கும்."

நான் சட்டைப்பையில் இருந்த காகிதத்தை எடுத்து, தெரிந்த கணக்கையே மறுபடி போட்டேன். காய்ந்த கையோடு, செருப்புப் போட்டுத் தொட்டிருந்தால் இருநூற்று நாற்பதை லட்சத்தால் வகுக்க வேண்டும். இரண்டரை மில்லியாம்பியர்கூட வராது. ஒரு சுள்ளென்ற வலி, ஒரு கெட்ட வார்த்தை, அதோடு முடிந்திருக்கும். பெட்டியும் மோட்டாரை நிறுத்தியிருக்கும். உப்பு ஊறிய கை, வெறுங்கால், காலடியில் உப்புநீர் என்றால் உடம்பே ஆயிரம் ஓம்தான். கால் ஆம்பியர் போகும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் ஐம்பத்தெட்டு வாட் திறன். என் வீட்டில் சுற்றுகிற பழைய மின்விசிறிக்கு எழுபத்தைந்து வேண்டும். ஒரு மின்விசிறியைச் சுற்றவைக்கப் போதாத மின்சாரத்தில் ஓர் ஆள் செத்துப்போயிருக்கிறார். பெட்டி அவரைப் பார்த்தது, அளந்தது, சரியாக வகுத்தது, இது மனிதர் இல்லை என்று எழுதிவிட்டு மோட்டாரை ஓடவிட்டது.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நேற்று குழாயடியில் என் வாயை அடைத்தது இதுதான்.

பதினோரு வருடத்துக்கு முன் அந்தப் பட்டியலுக்காகக் கைகளை அளந்தவர்களில் நானும் ஒருவன். ஆய்வுக்கூடத்தில் அப்போது பயிற்சி ஊழியன். அலுவலகத்தில் ஐம்பது, வயலில் ஐம்பது, கடலில் ஐம்பது, உப்பளத்தில் ஐம்பது என்று பிரித்தார்கள். எனக்கு உப்பளம். அக்னி நட்சத்திர வெயிலில் இதே கீழ அளத்துக்கு வந்தேன். மூன்று பேர் கையை அளந்தேன். மூன்றும் பத்தாயிரத்துக்குக் கீழே காட்டின. உப்புக்காற்றில் மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டினேன். உண்மையில் மீட்டரை அணைத்துப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை, வெயில் தாங்கவில்லை. ஊருக்குப் போய், குளிரூட்டிய அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த சக ஊழியர்கள் ஐம்பது பேர் கைகளை இன்னொரு தடவை அளந்து, உப்பளம் என்று தலைப்புப் போட்டுக் கொடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. நல்ல பையன் என்று நிரந்தரப் பணியும் கொடுத்தார்கள்.

அதைச் சொல்லும் தைரியத்தோடு அன்று நான் அளத்துக்குப் போகவில்லை. என் சட்டைப்பையில் அரிசி அளவில் ஒரு மின்தடையம் இருந்தது. எண்பதாயிரம் ஓம். தகட்டுக்குப் பின்னால் கம்பியோடு அதைத் தொடராகச் சேர்த்துவிட்டால், அவள் கையின் பதினாலாயிரமும் அதுவும் சேர்ந்து தொண்ணூற்று நாலாயிரம் காட்டும். பச்சை எரியும். பிறகு பிடுங்கிப் போட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

வரப்பில் நின்றுகொண்டு, பாத்திக்குள் உப்பு வாரிக்கொண்டிருந்த சந்தனமாரியிடம் அதைத்தான் சொன்னேன். உள்ளங்கையில் அந்த அரிசியையும் காட்டினேன். அவள் பலகையை இழுப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப பச்ச எரியுறது என் சொல்லுக்கா, அந்த அரிசிக்கா?"

"ரெண்டுக்கும்தான்னு வச்சிக்கோயேன்."

"சரி. இந்தா நிக்கா பாருங்க பேச்சியம்மா." பக்கத்துப் பாத்தியில் ஒரு பெண் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நாளைக்கு வேற அளத்து மோட்டார இவ தொட்டா, இவ கைக்குள்ள எந்த அரிசிய வைப்பிய?"

அரிசியைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டேன். அப்போதுதான் நான் செய்த காரியத்தைச் சொன்னேன். மூன்று கைகள், வெயில், காப்பி, ஐம்பது பேர், எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்வரை அவள் நிமிரவே இல்லை. பாத்தியின் அந்த ஓரம்வரைக்கும் பலகையை இழுத்துக்கொண்டு போனாள், திரும்பி வந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கிழம வந்து இத அப்படியே சொல்லுவியளா?"

"சொன்னா என் வேல போயிரும்மா. என் சொல்லும் போயிரும்."

"எனக்குப் போனத விடவா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மன்றம் கூடியது. சந்தனமாரியும் பேச்சியம்மாவும் பின்வரிசையில் இருந்தார்கள். திரவியம் தன் வக்கீலோடு முன்வரிசையில். மேடம் சந்தனமாரியின் பெயரை அழைப்பதற்குமுன் நான் எழுந்து, முதலில் என் சாட்சியத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்றேன்.

"நீங்களா? இயந்திரத்தை யார் இயக்குறது?"

"பொத்தானை அமுக்கினாப் போதும் மேடம். நீங்களே அமுக்கலாம்."

பதினோரு வருடம் மற்றவர்கள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பித்தளை இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உள்ளங்கைப் பட்டியலில் உப்பளத்தாரின் ஐம்பது அளவுகளும் பொய், அவற்றை எழுதியவன் நான் என்று சொன்னேன். மூன்று உண்மையான கைகளை அளந்து தூக்கி எறிந்ததைச் சொன்னேன். அந்தப் பட்டியலை நம்பித்தான் இந்த இயந்திரமும் அந்தப் பெட்டியும் ஓடுகின்றன என்றும் சொன்னேன். கை கசகசவென்று ஆனது. திரையைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. எழுபதாயிரம், அறுபது, ஐம்பத்திரண்டு, நாற்பத்தாறாயிரம்.

சிவப்பு எரிந்தது.

வக்கீல் எழுந்தார். அவருக்கு அன்று நல்ல நாள். "அம்மா, தான் தப்பு செஞ்சதா இவர் சொல்றது பொய்னு இயந்திரமே சொல்லிருச்சு. அப்படின்னா பட்டியல் சரியானதுதான். இவருக்கு ஏதோ மன உளைச்சல்னு நினைக்கிறேன்."

ஆயுளில் முதல் தடவையாக முழு உண்மையைச் சொன்ன அன்றைக்கு நான் பொய்யனாகிப்போனேன். முப்பத்தொரு பேரும் இந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

மேடம் கண்ணாடியைத் தலையில் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். பின்வரிசையிலிருந்து சந்தனமாரி எழுந்து வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கல்லுப்பை மேசைமேல் கொட்டினாள்.

"அம்மா, ஒங்களத் தப்பாச் சொல்லுதேன்னு நெனைக்காதிய. இதக் கொஞ்சம் கையில கசக்கிட்டு, தண்ணியத் தொட்டுக்கிட்டு, ஒங்க பேர மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"இதெல்லாம் நடைமுறையிலேயே இல்லை," என்றார் வக்கீல்.

மேடம் உப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யோசித்தது என்னவென்று எனக்குத் தெரியும். அதிகாரியானாலும் சிவப்பு எரிந்தால் அவர் பெயரிலும் ஒன்று ஏறும், அழிக்க முடியாது. பிறகு தண்ணீர்க் குவளையில் விரல்களை நனைத்தார். உப்பை எடுத்துக் கசக்கினார். கைகளைத் தகட்டில் வைத்தார்.

"என் பெயர் மெர்சலின். நான் இந்த மன்றத்தின் விசாரணை அதிகாரி."

சிவப்பு. திரையில் ஒன்பதாயிரம் ஓம். பின்னால் யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். வக்கீல் உட்கார்ந்தார்.

மேடம் அவசரப்படவில்லை. கையைத் துடைத்தார், மறுபடி விரித்துப் பார்த்தார். "இருபது வருசமா இதே பேர்ல கையெழுத்துப் போடறேன்," என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்துத் தன் பேனாவால் எழுதத் தொடங்கினார். அந்தப் பெட்டியை நம்பி ஓடுகிற எல்லா அளத்து மோட்டார்களையும் இன்று மாலைக்குள் நிறுத்த வேண்டும். பழைய டிரிப்பர்கள் பொருத்தியபிறகுதான் அவை ஓடலாம். உப்பளத்தார் எவர் பெயரிலும் ஏறிய சிவப்பு செல்லாது.

"டிரிப்பரப் போட்டா பத்து வாட்டி நின்னுருமேம்மா," என்றார் திரவியம். குரல் கம்மியிருந்தது.

"நிக்கட்டும்," என்றார் மேடம். சந்தனமாரியைப் பார்த்து, "நீங்க தகட்டுல கை வைக்க வேண்டாம். இப்படி உக்காந்து சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்," என்றார்.

அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மூன்று நாள், சுள்ளென்ற வலி, கணக்கப்பிள்ளை சொன்ன பதில், பதினொன்று பதினாலு. மேடம் ஒரு வரி விடாமல் எழுதினார். திரவியம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "சொன்னா, எங்கிட்டச் சொன்னா," என்று யாரும் கேட்காமலே சொன்னார். எந்த விளக்கும் எரியவில்லை.

என்னை அன்று மாலையே இடைநீக்கம் செய்தார்கள். விசாரணை இன்னும் நடக்கிறது. புதுப் பட்டியலுக்கு அளத்துக் கைகளை அளக்க ஆள் வேண்டும் என்று தேடியபோது ஒருவரும் வரவில்லை, வெயில். நான் போகிறேன் என்றேன். சம்பளம் கிடையாது என்றார்கள், சரி என்றேன். என்னை மறுபடி நம்பலாமா என்று மேடத்திடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அந்தக் கைக்குரியவரும் எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்.

மூன்று வாரம் கழித்து ஆய்வுக்கூடத்தின் பழைய சாமான் கிட்டங்கியிலிருந்து என் பழைய நோட்டு தபாலில் வந்தது. மேடம் கேட்டு வாங்கி, பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் எனக்கு அனுப்பியிருந்தார். அதைப் பிரிக்காமலேயே எடுத்துக்கொண்டு கீழ அளத்துக்குப் போனேன். அன்றைக்குத்தான் அங்கே அளவெடுக்கும் முதல் நாள். மோட்டார் ஒரு தரம் நின்று மறுபடி ஓடியது. பெண்கள் வரிசையாக நின்றார்கள், முதலில் சந்தனமாரி.

உறையைக் கிழித்து அவள் முன்னாலேயே நோட்டைத் திறந்தேன். உப்பளம் என்ற தலைப்பின்கீழ் மூன்று வரிகள். மூன்றின்மேலும் குறுக்குக் கோடு. முதல் இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை என்று பேச்சியம்மா சொன்னாள். மூன்றாவது வரியை நான் படிக்கவில்லை, சந்தனமாரிதான் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

பலவேசம். கீழ அளம். 7,200 ஓம்.

பக்கத்தில் சிவப்பு மையில், என் கையெழுத்தில், ஒரு குறிப்பு இருந்தது. மனிதக் கை அல்ல. மீட்டர் கோளாறு.

பெட்டி தானாக எதையும் எழுதவில்லை. பதினோரு வருடத்துக்கு முன் நான் எழுதியதைத்தான் அது திருப்பி எழுதியிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழ எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன்.

"அவிய அன்னைக்கு வீட்டுல வந்து சொன்னாவ," என்றாள் சந்தனமாரி, நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆபீசுலருந்து ஒரு பையன் வந்தான், கையப் புடிச்சுப் பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே போயிட்டான்னு. எதுக்குச் சிரிச்சான்னு தெரியலயேன்னு ரெண்டு நாளா கையவே பாத்துக்கிட்டு இருந்தாவ."

நான் புது நோட்டைப் பிரித்து வைத்தேன்.

"புது நோட்டுல மொத பேரு அவியளோடத எழுதுங்க அண்ணாச்சி. அதான் ஒரு தடவ சரியா அளந்திருக்கியளே."

எழுதினேன். பலவேசம், கீழ அளம், ஏழாயிரத்து இருநூறு ஓம். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் சந்தனமாரி தன் பெயரைப் போட்டாள். பிறகு கையைச் சேலையில் துடைக்காமல் அப்படியே என்முன் நீட்டினாள்.